கவிழ்த்து வைத்த லென்ஸ் டப்பா

கான்டாக்ட் லென்ஸ் பிரிவில் புதிதாக உட்காரப்போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். லென்ஸை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது, உள்ளங்கையில் வைத்து எப்படித் தேய்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். லென்ஸை ஊறவைக்கும் சொல்யூஷன் பாட்டிலின் அட்டையிலும் அச்சடித்திருக்கிறது. அதையே நானும் எழுதினால் நீங்களும் படிக்கப்போவதில்லை, எனக்கும் கைவலிதான் மிச்சம். அதனால் ஒரே ஒரு பெண்ணின் வலது கண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடையில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. பார்வை அளப்பதும் லென்ஸ் பொருத்துவதும் என் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனால் இருட்டறையில் ஒரு மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மோவாயை இதுல வைங்க" என்று யார் சொன்னாலும் நம் ஊரில் அவர் டாக்டரம்மாதான். முதலில் மறுத்துப் பார்த்தேன். "அதுக்கென்ன டாக்டரம்மா" என்றார்கள். விட்டுவிட்டேன். உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், அதை நீங்கள் நம்பிவிடாதீர்கள். நான் சொல்லப்போவதில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது.

ஆடித்தபசுத் திருவிழா அன்று நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரத வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு அன்று மூச்சு விட நேரம் கிடையாது. எங்கள் முதலாளி வாசலில் ஒரு ஸ்டாண்டு நிறையக் கறுப்புக் கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, தாமே நின்று விற்றுக்கொண்டிருப்பார். சாமி கும்பிட வந்தவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று நான் ஒரு முறை கேட்டேன். "உனக்கு வியாபாரம் புரியாதும்மா" என்றார். அது உண்மைதான்.

அந்தக் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் கடைக்குள் வந்தார்கள். சின்னவள் ஜமீலா. கைக்குட்டையால் வலது கண்ணைப் பொத்தியிருந்தாள். கூட வந்தவர் அவளுடைய மாமியார். அவரை அவள் மாமி என்பாள், அதனால் நானும் மாமி என்றே எழுதுகிறேன். கடையநல்லூர்க் குடும்பம். இங்கே ஜவுளிக் கடை வைத்து ஊரோடு தங்கிவிட்டவர்கள். ஜமீலாவின் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்த கையோடு போனவர், இப்போதுதான் இவளுக்கு விசா எடுத்து டிக்கெட் அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் விமானம்.

ஜமீலாவுக்குப் பவர் மிக அதிகம். கண்ணாடி போட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோடாப்புட்டி என்று கூப்பிட்ட வகை. கல்யாணத்துக்கு முன்பே வேறோர் ஊரில் சாஃப்ட் லென்ஸ் வாங்கியிருந்தாள். எங்கள் கடைக்குச் சொல்யூஷன் பாட்டில் வாங்க மட்டும் வருவாள். வருவாள், வாங்குவாள், ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவாள். எனக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

கைக்குட்டையை எடுத்ததும் கண் ரத்தமாகச் சிவந்திருப்பது தெரிந்தது. வெளிச்சம் பட்டால் இமை திறக்கவில்லை, தண்ணீர் கொட்டியது. லென்ஸை முந்தின நாளே கழற்றிவிட்டதாகச் சொன்னாள். மிஷினில் வைத்துப் பார்த்தேன். கருவிழியின் மேல், கண்பாப்பாவுக்குச் சற்றுத் தள்ளி, கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் புள்ளியை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்க்கும்போது பயம் வரும். வரட்டும், முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள். கிருமி கருவிழிக்குள் புகுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். சில கிருமிகள் ஒரே நாளில் கண்ணைக் கரைத்துவிடும். எந்தக் கிருமி என்று மிஷினைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கென்று இல்லை, எவருக்கும் அது முடியாது.

மாமி கைப்பையைத் திறந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். மெடிக்கலில் கேட்டு வாங்கியது. நல்லவேளையாக இன்னும் மூடியைத் திறக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடலாம் என்று கொண்டுவந்திருந்தார். பெயரைப் படித்தேன். ஸ்டீராய்டு கலந்த மருந்து. விட்டால் சிவப்பு மளமளவென்று இறங்கும், பார்ப்பவர்கள் பரவாயில்லையே என்பார்கள். புள்ளி மட்டும் உள்ளே நிம்மதியாக வளரும்.

உடனே திருநெல்வேலிக்குப் போய் கண் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றேன்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜவுளிக் கடைக்கு வருஷத்திலேயே பெரிய நாள் அது. வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் கடையில் நின்றார்கள். பஸ் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. தபசு முடியட்டும், நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போகிறோம், அதுவரைக்கும் ரெண்டு சொட்டு விட்டு வைக்கலாமே என்றார். முதலாளியும் வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, ஒரு ராத்திரிதானே, மருந்தை விட்டு அனுப்பும்மா என்றார். ஜமீலா, மாமி என்ன சொல்கிறாரோ அதுதான் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, டாக்டரம்மா என்ற பட்டம் உங்களை மோசம் செய்யும். எல்லாரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதாவது ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. நான் எனக்குள் ஒன்றை மட்டும்தான் கேட்டுக்கொண்டேன். நான் அனுப்பி, அங்கே போய் ஒன்றுமில்லை என்றால் என்ன ஆகும்? பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சிரிக்கும், சிரித்துவிட்டு மறந்துவிடும். நான் நிறுத்திவைத்து, நாளைக்கு அந்தப் புள்ளி பாப்பாவை மூடியிருந்தால்? அதை யார் மறப்பது?

"நானே கூட்டிட்டுப் போறேன் மாமி. நீங்களும் வாங்க" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைய வியாபாரம் முழுவதும் இருந்தது. ஆனாலும் ஸ்டாண்டிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வெயில் கண்ணில் படாமல் போட்டுக்கச் சொல்லு என்று என்னிடம் நீட்டினார். மனுஷன் அவ்வளவு மோசமில்லை.

கிளம்பும் நேரத்தில் இன்னொன்று நடந்தது. லென்ஸ் டப்பா எங்கே என்று கேட்டேன். ஜமீலாவின் பைக்குள் இருந்தது, கழற்றிய லென்ஸும் அதிலேயே கிடந்தது. மாமி டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே சுவரில் மெல்லிசாக வழவழப்பு. அவருக்கு அது தாங்கவில்லை. நேரே வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கழுவிராதீங்க மாமி."

"என்ன டாக்டரம்மா இது? இந்த அழுக்கையா பெரிய டாக்டர்ட்ட கொண்டுபோய்க் காட்டச் சொல்லுதீங்க? நம்மள என்ன நினைப்பாவ?"

"அந்த அழுக்குதான் மாமி வேணும்."

மாமி மாதிரிச் சுத்தக்காரர்களிடம்தான் நீங்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முற்றத்தைக் கூட்டுவதைப்போல, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இவர்கள் டப்பாவைக் கழுவிவிடுவார்கள். டாக்டருக்குத் தேவையான ஒரே சாட்சி குழாயோடு போய்விடும். டப்பாவை மூடி, பாலிதீன் பையில் சுற்றி, என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். மாமி பஸ் ஏறும்வரை அந்தப் பையையே முறைத்துக்கொண்டு வந்தார்.

ஆட்டோக்காரர் சந்துகள் வழியாகவே ஓட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து பஸ். ஆஸ்பத்திரியில் டாக்டர் புள்ளியைச் சுரண்டிச் சோதனைக்கு எடுத்தார், டப்பாவையும் வாங்கிக்கொண்டார். அன்றே சேர்த்துவிட்டார்கள். மணிக்கு ஒரு தரம் மருந்து விட வேண்டும் என்றார்கள். அதை மாமியே பார்த்துக்கொண்டார். நர்ஸைக்கூட விடவில்லை என்று பிற்பாடு ஜமீலா சொன்னாள்.

சோதனை முடிவு வந்தபோது கண்ணில் எடுத்ததில் ஒன்றும் வளரவில்லை. டப்பாவில் எடுத்ததில் கிருமி கொத்தாக வளர்ந்திருந்தது. அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து டாக்டர் மருந்தை மாற்றினார். அதற்குப் பிறகுதான் புள்ளி நின்றது. டப்பாவைக் கழுவியிருந்தால் இருட்டில்தான் கல்லெறிந்திருப்போம் என்று டாக்டர் சொன்னதாக மாமியே என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

விமானம் போய்விட்டது. கண் பிழைத்தது. தழும்பு பாப்பாவை விட்டுத் தள்ளியே நின்றுவிட்டதால் பார்வைக்குப் பெரிய நஷ்டமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அனுப்ப வேண்டிய கேஸை அனுப்புவது பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டம்.

சில மாதம் கழித்து ஜமீலா மறுபடி லென்ஸ் போட ஆசைப்பட்டாள். கணவர் போனில் கூடவே கூடாது என்றார். டாக்டர் மட்டும் ஒரு நிபந்தனையோடு விட்டார்: கிருமி டப்பாவுக்குள் எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் போடலாம். கண்டுபிடிக்காமல் போட்டால், அடுத்த தடவை இடது கண்ணாகவும் இருக்கலாம். அந்தக் கண்டுபிடிக்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்.

ஜமீலாவும் மாமியும் வந்து உட்கார்ந்தார்கள். நானும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவுவாயா? கழுவுவேன். துடைப்பாயா? துடைப்பேன். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசுவாயா? ஐயோ, மாட்டேன் அக்கா. போட்டுக்கொண்டு தூங்குவாயா? மாட்டேன். குளிப்பாயா? மாட்டேன். தினமும் புதுச் சொல்யூஷன் ஊற்றுவாயா? தினமும் ஊற்றுவேன்.

எல்லாம் சரியான பதில். முதலாளிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நாம் விற்ற பாட்டிலில்தான் கோளாறோ என்று பயந்தார். அந்தப் பாட்டிலில் மிச்சமிருந்ததையும் ஆஸ்பத்திரியில் சோதித்திருந்தார்கள், சுத்தமாக இருந்தது. அப்படியானால் அந்தப் பிள்ளை பொய் சொல்லுது என்று என் காதில் சொன்னார். மாமிக்கு வேறு முடிவு: லென்ஸே கெட்ட சாமான், அதைத் தூக்கிப் போட்டால் எல்லாம் சரியாகும். ஜமீலா தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் என் நசீபு அக்கா என்றாள். விதி என்று நாம் சொல்வதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

விதி என்று கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிருமிக்கு விதியும் தெரியாது, ஜாதகமும் தெரியாது.

நான் தொழில் கற்ற இடத்தில் ஒரு சீனியர் அம்மா இருந்தார். நோயாளிகளிடம் கேள்வியே கேட்க மாட்டார். கேட்டால் பரீட்சை எழுதுவதுபோல நல்ல பதிலாகச் சொல்வார்கள் என்பார். அவருடைய ஒரே வாக்கியம், "செஞ்சு காட்டு." அது நினைவுக்கு வந்தது. கடையில் பழகிப் பார்க்க வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று, சொல்யூஷன் பாட்டில், டிஷ்யூ, காலையில் லென்ஸை எடுத்த பிறகு நிற்பதுபோலப் பழைய சொல்யூஷன் ஊற்றிய டப்பா, எல்லாவற்றையும் அவள் முன்னால் வைத்தேன். வீட்டில் ராத்திரி எப்படிச் செய்வாயோ அப்படியே செய், நான் வேறு வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, நம் தொழிலில் அந்தப் பேச்சு ஆகாது. ஆனால் அப்படித்தான் பார்த்தேன்.

கை கழுவினாள். துடைத்தாள். லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் விட்டு, விரலால் தேய்த்து அலசினாள். நான் சொல்லிக்கொடுத்தவர்களில்கூடப் பாதிப் பேர் இவ்வளவு அழகாகச் செய்ய மாட்டார்கள். பிறகு டப்பாவைக் கையில் எடுத்தாள். பழைய சொல்யூஷனைச் சாய்த்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே வந்தவள் சட்டென்று கையை நிமிர்த்தினாள். அடியில் கொஞ்சம் நின்றது. அதன் மேலேயே புதுச் சொல்யூஷனை ஊற்றி லென்ஸைப் போட்டு மூடினாள்.

"ஜமீலா, பழசை முழுசா ஊத்தலையே?"

"ஊத்திட்டேனே அக்கா."

பொய் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கை செய்ததை அவள் அறியவே இல்லை. பழைய சொல்யூஷன் ஊற்றிய இன்னொரு டப்பாவைக் கொடுத்து, அதே மாதிரி இன்னொரு தரம் செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் கை நிமிர்ந்தது, அடியில் அதே மிச்சம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு ராத்திரி வேலை செய்து முடித்த சொல்யூஷனில் சத்து இருக்காது. அதன் மிச்சத்தில் கிருமி தங்கி, டப்பாச் சுவரில் ஒட்டிப் படலம் கட்டும். மேலே ஊற்றுகிற புதுச் சொல்யூஷனையும் அந்த மிச்சம் நீர்க்கச் செய்துவிடும். தினமும் புதிதாகத்தான் ஊற்றியிருக்கிறாள். தினமும் கிருமிக்குத்தான் வீடு கட்டிக்கொடுத்திருக்கிறாள்.

ஏன் அப்படி மிச்சம் வைக்கிறாய் என்று கேட்டேன். அவள் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பதில் மாமியிடமிருந்து வந்தது.

"நான்தான் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது."

என்னைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தே சொன்னார். "இவ கல்யாணமாகி வந்த புதுசுல, உப்பு தீர்ந்துட்டுன்னு ஜாடியக் கழுவித் தொடச்சு வெயில்ல கவுத்தி வச்சிருந்தா. நான் சத்தம் போட்டுட்டேன். உப்பு ஜாடியக் கவுத்தாதட்டி, வீட்டுல பரக்கத் போயிரும், அடியில கொஞ்சம் நிக்கும்போதே மேல ஊத்தணும்னு சொன்னேன். தாயில்லாப் பிள்ள. ஒரு தரம் சொன்னதுதான். அப்புறம் அரிசி, எண்ணெய், சீனி எதுலயும் அடி தெரிய விட்டதில்ல. என் மருமவ மாதிரி உண்டுமான்னு நானே நாலு வீட்டுல சொல்லியிருக்கேன்."

பரக்கத் என்றால் வீட்டில் குறையாமல் நிற்கும் நிறைவு. எங்கள் வீட்டில் சீதேவி போய்விடுவாள் என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் வீட்டு அரிசிப் பானையையும் நான் இன்றுவரை காலியாக விட்டதில்லை, இனியும் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் சமையலறையிலிருந்து நடந்துபோய் ஒரு லென்ஸ் டப்பாவுக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. நல்ல மருமகளாக இருக்க ஜமீலா பட்ட பாடு அவள் விரலுக்குள் இறங்கிவிட்டது. அவள் அசட்டையாக இருந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சொல் தட்டாமல் கேட்டதால் வந்த வினை. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் முன்னால் தப்பே செய்யாத ஒருவர் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தால், பொய் சொல்கிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். விதி என்றும் கையை விரிக்காதீர்கள். டப்பாவைக் கையில் கொடுங்கள். வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

ஜமீலா அழ ஆரம்பித்தாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமி எழுந்து வந்து அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கினார். லென்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார், நான் வாங்கிக்கொண்டேன். டப்பாவை அப்படியே தலைகீழாகச் சாய்த்து, கடைசிச் சொட்டு விழும்வரைக்கும் உதறினார். புதுச் சொல்யூஷன் விட்டு அலசச் சொன்னேன், அலசினார். டிஷ்யூவை விரலில் சுற்றி இரண்டு குழியையும் துடைத்தார். பிறகு இன்னொரு டிஷ்யூவை மேஜையில் விரித்து, அதன் மேல் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்.

"இதுல ஒரு சொட்டு நிக்கக் கூடாது, கேட்டியா" என்றார் ஜமீலாவிடம்.

அவள் தலையாட்டினாள். மாமி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார், வலது கண்ணின் பக்கம் மட்டும் மெதுவாக.

"வீட்டுக்குப் போயி அந்த உப்பு ஜாடியையும் வேணும்னா கவுத்திக்கோ மக்கா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."